சைபர் தகடு

“கத்தரிக்காதீங்க சிஸ்டர், கழட்டிடலாம்” என்றாள் எழில்மொழி. அதற்குள் கத்தரி அடிவயிற்றிலிருந்து நெஞ்சு வரை ஏறிவிட்டிருந்தது.

நர்ஸ் நிமிரவில்லை. “கையத் தூக்க முடியாதும்மா. தோள்பட்டை நொறுங்கிக் கெடக்கு. சட்டையா இப்ப முக்கியம்?”

முக்கியமில்லைதான். ஆனால் அது சட்டையும் இல்லை. இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னுகிற வெள்ளிப் பட்டை வைத்துத் தைத்த பச்சை மேலங்கி. கம்பெனி கொடுத்தது. போன வருஷம் சாலைப் பாதுகாப்பு வாரத்தில் அவள்தான் அதைத் தன் கையால் அப்பாவுக்கு மாட்டிவிட்டாள். இப்போது அந்த அங்கியில் பட்டைகளைக் காணோம். தையல் பிசிறும் துணியின் வெளிறிய முதுகும்தான் தெரிந்தன. கத்தரி பிளந்த இடத்தில் துணி இரண்டு பக்கமும் மடிந்து விழுந்தபோதுதான் பட்டைகள் கண்ணில் பட்டன. அப்பாவின் நெஞ்சைப் பார்த்தபடி, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல், கடையில் வாங்கினபடிக்கே இருந்தன.

அப்பா இராஜாங்கம் அங்கியை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார்.

ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருகிற வாரம் விழா. மூன்று நாளுக்கு முன்னால் அவளேதான் சொன்னாள்: “கலெக்டர் வர்றாங்கப்பா. அதுவரைக்கும் அங்கிய அழுக்காக்கிடாத.” சொன்ன சொல்லைத் தட்டாத மனுஷன். போடாமலும் இருக்கக் கூடாது, அழுக்காகவும் கூடாது. தை மாதப் பனியில், விடியாத நேரத்தில், ஒரு சொட்டு வெளிச்சம்கூடத் திரும்பிப் போகாத துணியைப் போர்த்திக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றிருக்கிறார்.

டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். “தலையில அடி. இங்க வச்சுப் பாக்குறதுக்கு வசதி இல்ல. தஞ்சாவூர் கொண்டு போயிடுங்க. உடனே.”

“பொழச்சுக்குவாரா டாக்டர்?”

“உடனே கொண்டு போங்க.”

நர்ஸ் ஒரு பாலிதீன் பையை அவள் கையில் திணித்தாள். பிளந்த அங்கி, வெற்றிலைப் பொட்டலம், அரைஞாண் கயிற்றோடு கோத்த சின்னச் சாவி. அதன் அடியில் ஒரு தகரத் தகடு. மஞ்சள் வர்ணத்தில் கறுப்பாக எட்டு என்ற எண்.

“கையில இறுக்கிப் புடிச்சிருந்தாரு. விரலப் பிரிச்சுத்தான் எடுத்தோம். என்னம்மா இது?”

அதற்குள் ஸ்ட்ரெச்சர் நகர்ந்துவிட்டது.

கீழ்வேளூர் தாண்டி வடக்குவெளிக்குப் பிரிகிற முச்சந்தியில் அந்தப் பலகை நிற்கிறது. ‘இந்தச் சாலையில் விபத்தில்லாத நாட்கள்’ என்று மேலே எழுதி, கீழே மூன்று கொக்கி. ஒவ்வொரு கொக்கிக்கும் சைபரிலிருந்து ஒன்பது வரை பத்துப் பத்துத் தகடு. பலகைக்கு அடியில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில் தகடுகள் இருக்கும். தவிட்டு எண்ணெய்க் கம்பெனி வைத்த பலகை. கம்பெனி வந்த முதல் இரண்டு வருஷத்தில் தவிட்டு லாரி அடித்து மூன்று பேர் போனார்கள். மூன்றாவது சாவுக்கு ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் ‘விபத்தில்லாச் சாலை’ என்று திட்டம் வந்தது. கடுவையாற்றுப் பாலத்திலிருந்து முச்சந்திப் பலகை வரை மூன்றரைக் கிலோமீட்டர். வேகத்தடை போட்டார்கள், திருப்பத்தில் வட்டக் கண்ணாடி வைத்தார்கள், ஹெல்மெட் கொடுத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊர்வலம் விட்டார்கள். எம்.ஏ. படித்துவிட்டுச் சும்மா இருந்த எழில்மொழிக்குக் களப் பொறுப்பாளர் என்று ஒப்பந்த வேலை கிடைத்தது. தினம் எண்ணை மாற்ற ஆள் வேண்டும் என்றபோது அவள் அப்பாவைச் சேர்த்துவிட்டாள்.

இராஜாங்கத்துக்கு எண் புதுசில்லை. களத்தில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். அளக்கும்போது ஒன்று என்று வாயில் வராது. முதல் மரக்காலைக் கொட்டும்போது “லாபம்” என்பார். “லாபம்... லாபம்... லாபம்...” என்று அடுத்த மரக்கால் நிறைகிறவரை இழுத்துச் சொல்லிவிட்டுத்தான் “ரெண்டு” வரும். எல்லா அளவுகாரர்களுக்கும் உள்ள வழக்கம்தான். பலகையைத் திறந்து வைத்த அன்று கம்பெனியின் திட்ட அதிகாரி ஜெனித் சார் சைபரை எடுத்துக் கொடுத்து மாட்டச் சொன்னார். இராஜாங்கம் வாங்கவில்லை.

“களத்துல சைபர்னு ஒண்ணு கெடையாதுங்க. அளக்க ஆரம்பிச்சாலே லாபம்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்படியே ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். பிறகு அவர் பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, “நூத்துக் கொக்கிக்கு எதுக்குப் பாப்பா சைபரு? அதுல என்னிக்கும் சைபர் வராதே” என்று அந்த ஒரு தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மா அம்சம் அதைக் கழுவித் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டுக்கொண்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

அம்மாபேட்டை தாண்டுகிறவரை ஆம்புலன்ஸில் மூச்சு இருந்தது. எழில்மொழி அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறெங்கும் பிடிக்க இடமில்லை. பாதத்தில் காய்ந்த சேற்றோடு நெற்சுணை ஒட்டியிருந்தது. ஒருமுறை உதடு அசைந்த மாதிரி இருந்தது. குனிந்து காதை வைத்தாள். வெற்றிலை வாசனை வந்தது. அவ்வளவுதான்.

“அண்ணே, கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே.”

“எம்பதுல போறேன்மா. வழி பூரா நெல்லக் காய வச்சிருக்கானுங்க.”

எண்பதுக்கு மேல் போகாதீர்கள் என்று லாரி டிரைவர்களுக்கு மாதம் ஒருமுறை வகுப்பு எடுக்கிறவள் அவள். “நூறுல போங்கண்ணே” என்றாள். “போங்கண்ணே. உங்க கால்ல விழறேன்.”

உள்ளே இருந்த உதவியாளர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு டிரைவரின் ஜன்னலை மெதுவாகத் தட்டினார். வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. அந்தக் குறைவை எழில்மொழி தாங்க மாட்டாமல், “ஏன் குறைக்கிறீங்க? ஏன் குறைக்கிறீங்க?” என்று கத்தினாள்.

தஞ்சாவூரில் மணி எட்டே காலுக்கு எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் வந்து, அறுத்துத் தைத்து, கையெழுத்து வாங்கி, உடலைக் கொடுக்கும்போது மணி மூன்றே முக்கால். சிங்கப்பூரில் தம்பி பரிதிக்கு அவளேதான் சொன்னாள். அவன் “டிக்கெட் பாக்குறேன்க்கா” என்று வைத்துவிட்டான்.

வண்டி முச்சந்திக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டின் பாதியை அடைத்து, அப்பாவின் கூட்டாளி துரைராசு காயப்போட்ட நெல் இன்னும் கிடந்தது. ஓரமாகக் கல் அணைத்து, ஒரு நொச்சிக் கிளையை ஒடித்து நட்டிருந்தார்கள். காலையில் தவிட்டு லாரிக்காரன் பனியில் கடைசி நேரத்தில் அந்த நெல்லைப் பார்த்து வண்டியை ஒடித்த பக்கத்தில்தான் பலகை இருந்தது. பலகைக்கு அடியில் அப்பா இருந்தார். ஏழைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, எட்டைக் கையில் எடுத்திருந்தார். காலையில் அவள் ஓடிவந்தபோது மூன்றும் ஐந்தும் ஆடிக்கொண்டிருந்தன. கடைசிக் கொக்கி வெறுமையாகத் தொங்கியது.

இப்போது அது வெறுமையாக இல்லை.

முந்நூற்று ஐம்பத்தெட்டு.

“நிறுத்துங்க” என்றாள்.

“எதுக்கும்மா? பாடிய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிறுத்தக் கூடாது.”

“நிறுத்துங்கண்ணே!”

இறங்கி ஓடினாள். பாலிதீன் பையில் எட்டு இருக்கிறது. அவள் மடியில் அது நாள் முழுக்கக் கிடந்தது. அப்படியென்றால் இது வேறொரு கொக்கியின் எட்டு. யாரோ பெட்டியைத் திறந்து, தேடி, எடுத்து மாட்டியிருக்கிறார்கள். பையிலிருந்து சாவியை எடுத்துக் குனிந்தாள். பழைய பூட்டில்லை. புதுசாக, எண்ணெய் மினுங்க, பெரிய பூட்டு. சாவி நுனிகூட நுழையவில்லை. நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தாள். பலகை நிற்கிற சிமெண்டு மேடையில் ஏறினால் எட்டும். ஏறப் போனாள், வண்டியின் பின்கதவு கண்ணில் பட்டது. அப்பாவைத் தனியாக விட்டு வந்திருக்கிறோம் என்று தோன்ற, திரும்பி ஓடினாள்.

மறுநாள் காலை, பந்தலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இராஜாங்கம் படுத்திருந்தார். தலைமாட்டில் அவருடைய மரக்காலே நிறை நெல்லோடு இருந்தது. அதன்மேல் விளக்கு. அத்தை ராசம்மாள் ஒவ்வொரு சனம் வரும்போதும் குரலெடுத்து அழுதுவிட்டு, இடையில் மூக்கைச் சிந்தி, “பெட்டிக்குக் கரண்டு நிக்குதா பாருடா, நேத்து மாதிரி போயிடப்போவுது” என்று யாரையாவது விரட்டினாள். அம்சம் அழவில்லை. பெட்டியின் மேல் படிகிற ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்தால்தான் முகம் தெரிகிறது.

ஒன்பது மணிக்கு ஜெனித் வந்தார். பெரிய மலர் வளையம். நடுவில் கம்பெனிப் பெயர் எழுதிய நாடா. நாடாவின் அடியில் ‘பாதுகாப்பே எங்கள் முதல் பயிர்’ என்ற வழக்கமான வாசகம் அச்சாகியிருந்தது. பெட்டிமேல் வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொள்ளப் போன கையைப் பாதியில் நிறுத்தி, கும்பிட்டார். பிறகு எழில்மொழியைப் பார்த்தார். இருவரும் கொல்லைப்பக்கம் வைக்கோல் போரருகே போனார்கள்.

“நான் உங்களுக்கு எதிரா வரல எழில்.”

“சொல்லுங்க சார்.”

“ஹெட் ஆபீஸ்ல இருவத்துநாலு மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் கேக்குறாங்க. இப்பவே நேரம் தாண்டிடுச்சு. களப் பொறுப்பாளர் கையெழுத்து வேணும். சிரமப்படுத்தக் கூடாதுன்னு நானே நிரப்பிக் கொண்டாந்துட்டேன்.”

அவள் வாங்கிப் படித்தாள். எந்தத் தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. சம்பவ இடம்: திட்ட எல்லைக்கு வெளியே. உயிரிழப்பு எண்ணிக்கை: இல்லை.

“இல்லைன்னு போட்டிருக்கு சார்.”

“எல்லைக்குள்ள இல்லைன்னு அர்த்தம்மா.”

“பலகைக்கு அடியிலதான் சார் நின்னாரு.”

“நின்னாரு. விழுந்து கெடந்தது பலகைக்கு அந்தாண்ட. நம்ம எல்லை பலகையோட முடியுது. ஸ்பாட்ல உயிரும் போகல. அம்மாபேட்டைகிட்ட போயிருக்கு, அது வேற ஜில்லா. லாரி நம்மளுது இல்ல, காண்ட்ராக்ட் வண்டி.” கோவையாகச் சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். “ஒரு வாரம்தான் எழில். முந்நூத்தி அறுவத்தஞ்சு வந்துடுச்சுன்னா திட்டத்த மூணு வருஷத்துக்கு நீட்டிக்கிறாங்க. உங்களுக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா இழுத்து மூடிட்டுப் போயிடுவாங்க. கண்ணாடி, வேகத்தடை எதையும் அப்புறம் பாக்க ஆளிருக்காது. நாளைக்கு இன்னொருத்தர் சாவாரு.”

“அந்த எட்ட யாரு சார் மாட்டுனது?”

வைக்கோலில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாந்தான். மத்தியானம் கலெக்டர் ஆபீஸ்லேருந்து எடம் பாக்க வர்றதாச் சொன்னாங்க. கொக்கி வெறுமனே கெடந்துச்சு. எனக்கே கூசுச்சும்மா, மாதா மேல சத்தியமா.”

“பூட்டையும் மாத்திட்டீங்க.”

“சாவி எங்க இருக்குன்னு தெரியல. ஒடச்சுத்தான் தொறந்தோம்.”

சாவி அப்பாவின் அரைஞாணில் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. “போட்டோ எடுக்க ஆளு வருது, வெள்ளனே எண்ண மாத்தச் சொல்லுங்கன்னு நீங்க எங்கிட்டச் சொன்னீங்க. நான் அப்பாகிட்டச் சொன்னேன். எப்பவும் ஆறரைக்குத்தான் போவாரு சார். அதுக்குள்ள பனி கலைஞ்சிடும்.”

“தெரியும்.”

“அங்கிய நான்தான் அழுக்காக்காதன்னேன்.”

“அத எழுத வேண்டாம் எழில். சரியாப் போடலன்னு அவரு மேலயே திருப்பிடுவாங்க. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

அவர் போனபிறகு துரைராசு வந்து நின்றார். அப்பாவோடு களத்தில் மூட்டை பிடித்தவர். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகத்தில் கண்ணீர் இறங்க வழி தெரியாமல் ஆங்காங்கே தங்கியிருந்தது.

“பாப்பா... ரிப்போர்ட்டு எழுதுறியாமே. நெல்லு என்னுதுன்னு... ரோட்டுல போடாதன்னு நீ எத்தன வாட்டி சொன்ன. கொள்முதல்ல ஈரம்னு தள்ளிவுடுறான், நான் எங்க போயிக் காய வைப்பேன்? களமா இருக்கு?” தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். “என் கூட்டாளிய நானே கொன்னுட்டேன் பாப்பா. எழுதிடாத.”

அவளால் அவருக்கு ஆறுதல் சொல்லவும் முடியவில்லை, வையவும் முடியவில்லை. “போய்ப் பந்தல்ல உக்காருங்க மாமா” என்றாள்.

அடுப்படியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெனித்தின் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வேறு தாள் தேட வேண்டியதில்லை. அம்மியின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள். கை வழக்கப்படி ஓடியது. சம்பவ நாள், நேரம் காலை ஐந்து நாற்பது. பனி. சாலையில் பாதி அகலத்துக்கு நெல். லாரியின் எண். இறந்தவர் பலகையின் அடியில் எண் மாற்றிக்கொண்டிருந்தார். எட்டாம் எண் தகடு கையில் இருந்தது. அங்கியைத் திருப்பிப் போட்டிருந்தார். காரணம், அழுக்காக்கக் கூடாது என்று களப் பொறுப்பாளர் அறிவுறுத்தியது. முன்னதாகச் செல்லச் சொன்னதும் களப் பொறுப்பாளர்.

உயிரிழப்பு எண்ணிக்கை என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்தாள்.

ஒன்று என்று எழுத வேண்டும். பேனாவை வைத்ததும் காதுக்குள் அந்தக் குரல் ஆரம்பித்துவிட்டது. களத்தில், தூசிக்கு நடுவே, மரக்காலைச் சாய்த்துக்கொண்டே இழுத்து இழுத்துச் சொல்கிற குரல். லாபம்... லாபம்... லாபம்... அடுத்தது நிறைகிறவரை விடாது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் கேட்டது. அம்மியில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல், தாவணியைக் கடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது தாளில் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இன்னும் வெறுமைதான் இருந்தது. எழுத்தால் எழுதாமல், எண்ணாக 1 என்று ஒரு கோடு போட்டாள். கீழே கையெழுத்திட்டாள். செல்போனில் படம் பிடித்து, ஹெட் ஆபீஸ் முகவரிக்கே அனுப்பினாள்.

பரிதி பன்னிரண்டு மணிக்குத் திருச்சியிலிருந்து வந்து இறங்கினான். ஆறு வருஷத்தில் இரண்டாவது வருகை. பெட்டியைத் திறக்கச் சொல்லி அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டவனைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அக்காவைப் பார்த்தான்.

“போர்டு என்னக்கா முந்நூத்தி அம்பத்தெட்டுன்னு இருக்கு?”

அவள் அவன் கையிலிருந்த சொம்பை வாங்கினாள்.

“எங்க சைட்டுலயும் இருக்குக்கா, இதே மாதிரி. ஒருத்தனுக்கு வெரலு போனாக்கூட அன்னிக்கே சைபருக்கு எறக்கிடுவானுங்க. நாங்க லைன்ல நின்னு பாப்போம். போன வருஷம் ஒரு வங்காளிப் பையன் செத்தான். மொதலாளி என்னென்னவோ பண்ணான். ஆனா போர்டு எறங்கிடுச்சு.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்சத்தின் கை நின்றது. நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“அப்ப ஒங்கப்பாவ அவங்க கணக்குல சேக்கலியா?”

பந்தலில் இருந்த பெண்கள் எழில்மொழியைப் பார்த்தார்கள்.

“ஒரு நாளு காய்ச்சல்னு படுத்திருப்பாரா? கஜா புயல்ல போன கூரைய இந்த வருஷம்தான் மேஞ்சோம், அன்னிக்குக்கூட ஏணிலேருந்து எறங்கிப் போயி மாத்திட்டு வந்தாரு. இத்தன நாளையும் எண்ணுன மனுசன ஒரு ஆளா எண்ண மாட்டாங்களா?” அம்சம் குரலை உயர்த்தவில்லை. கடையில் சில்லறை குறைவதைக் கேட்பதுபோலக் கேட்டாள். “நீதானடி அங்க வேலை பாக்குற?”

செல்போன் அதிர்ந்தது. ஜெனித். எடுக்கவில்லை. திரும்ப அதிர்ந்தது. பிறகு செய்தி வந்தது: ‘மேலிடத்துல பேசிட்டேன். அறிக்கை ஏற்கப்படாது, எண் அப்படியே இருக்கும். தயவுசெஞ்சு புரிஞ்சுக்குங்க.’ அவள் இரண்டுமுறை படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. அவள் எழுதிய தாள் எந்த மேசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இனி எழுதுவதற்கு ஒரு பெறுநரும் இல்லை.

மூன்று மணிக்கு எடுக்கலாம் என்றார்கள். குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டார்கள். மரக்காலில் இருந்த நெல்லைக் குத்தி எடுத்த அரிசி. பரிதி போட்டான், துரைராசு போட்டார். பாடையைத் தூக்கும் நேரத்தில் எழில்மொழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பானையின்மேல் இருந்த தகட்டை எடுத்தாள். ஒரு வருஷத்து ஈரம் பட்டு மஞ்சள் மங்கிப்போயிருந்தது. விளிம்பில் பானை உட்கார்ந்த வட்டம் வேறு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சைபர்போல இருந்தன. தாவணிக்குள் வைத்து அணைத்துக்கொண்டாள். தகரம் வயிற்றில் சில்லிட்டது.

பெண்கள் முச்சந்தி வரைதான் போவார்கள். அங்கே பாடையை இறக்கி, திசை மாற்றி, மறுபடி தூக்கும்போது பெண்கள் திரும்பிவிட வேண்டும். பறை முன்னால் போனது. பொரியும் பூவும் ரோட்டில் சிதறின. துரைராசுவின் நெல் அங்கே இல்லை. எப்போது அள்ளினார்களோ, கல்லும் நொச்சிக் கிளையும் மட்டும் கிடந்தன. பலகைக்கு எதிரே ஜெனித் இரண்டு ஆட்களோடு கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றிருந்தார்.

பாடையை இறக்கினார்கள். பறை நின்றது. பரிதி கையில் கொள்ளிச் சட்டியோடு சுற்றி வந்தான்.

எழில்மொழி மேடையில் ஏறினாள்.

“ஏய், என்னாடி அது, எறங்குடி” என்றாள் ராசம்மாள். “இந்த நேரத்துல...”

முதலில் எட்டைக் கழற்றினாள். கொக்கி இறுகியிருந்தது, விரல் நுனி கிழிந்தது. ஐந்து. மூன்று. மூன்றையும் கீழே போட்டாள். தகரம் தாரில் விழுந்து ஒன்றன்மேல் ஒன்று மோதிய சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டது. தாவணிக்குள்ளிருந்து பானை மூடியை எடுத்துக் கடைசிக் கொக்கியில் மாட்டினாள். நூற்றுக் கொக்கிக்கான தகடு. துளை கொஞ்சம் தள்ளி இருந்ததால் நேராக நிற்காமல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஒருமுறை நிமிர்த்திப் பார்த்தாள். மறுபடி சாய்ந்தது. விட்டுவிட்டாள்.

ஜெனித்தோடு வந்தவர்களில் ஒருவன் முன்னால் வந்தான். ஜெனித் அவன் முழங்கையைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. எதிரே தவிட்டு மூட்டையோடு வந்த லாரி கூட்டத்தைப் பார்த்து நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

“தூக்குங்கப்பா” என்றார் துரைராசு. பறை ஆரம்பித்தது. ஆண்கள் போனார்கள். பெண்கள் திரும்பினார்கள்.

வாய்க்காலில் முழுகி, ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்தபோது யாரோ வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். பானைகளிலிருந்த பழைய தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். அம்சம் அடுப்படிக்குள் நின்றிருந்தாள். தண்ணீர்ப் பானை வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அம்மியைப் பார்த்தாள், மாடத்தைப் பார்த்தாள், பானைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். பிறகு வாசற்படியில் சொட்டச் சொட்ட நின்ற மகளைப் பார்த்தாள். மகளின் கிழிந்த விரலைப் பார்த்தாள்.

சுவரோரம் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களில் அடியிலிருந்து இராஜாங்கம் சாப்பிடுகிற வட்டிலை உருவி எடுத்தாள். முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பானைமேல் கவிழ்த்தாள். பானை வாய்க்கு அது பெரிசு. வைத்ததும் கடகடவென்று ஆடியது. அம்சம் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஆடி ஓய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.